புதுப்பிப்பு: கோவையில் நண்பர் தேடிய கதை, நான்கு மாதம் கழித்து

41 வயதில் கோவைக்கு மாறி வந்து, சனிக்கிழமை மாலை கூப்பிட ஓர் ஆள்கூட இல்லை என்று மார்ச்சில் புலம்பியிருந்தேன். "ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் தினமும் ஒரே நேரத்துக்கு நடங்கள்" என்று ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் மாதம் வெறும் தலையசைப்பு. அப்புறம் ஒரு மழையில் நான்கு பேர் டீக்கடையில் ஒதுங்கினோம், பேச்சு வந்தது. அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரமும், நெருக்கமாக 200-க்கு மேலும் ஆகும் என்கிறது கன்சாஸ் பல்கலைக்கழக ஜெஃப்ரி ஹாலின் 2018 ஆய்வு. எங்களுக்குள் 60 மணி நேரம் ஆகியிருக்கும். போன வாரம் வண்டி பஞ்சர். யோசிக்காமல் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டேன். "அங்கயே நில்லுங்க, வந்தர்றேன்" என்றார். வந்தும் விட்டார்.

பழைய சென்னை நண்பர்களா? வாட்ஸாப்பில் குட் மார்னிங் பூக்களோடு சரி.