பிரீமியர் பத்மினி கார் 1089 சிசி: ஹெட் சீவ தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நல்ல பட்டறை வேண்டும்

வணக்கம் அண்ணன்களே. சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் நாலு பேரோடு வண்டி திணறுகிறது. கம்ப்ரெஷன் நாலு சிலிண்டரிலும் சீராக இருக்கிறது. ரிங், வால்வு பிரச்சினை இல்லை. பாயின்ட், டைமிங், டேப்பெட் சரிபார்த்தாயிற்று. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் த்ராட்டில் முழுதாகத் திறக்கிறது. பல வண்டிகளில் கேபிள் தளர்ந்தே பவர் பாதி போய்விடும், இதை முதலில் பாருங்கள்.

குறைந்த செலவில் பவர் கூட்ட மிஞ்சியது ஹெட் சீவுவதுதான்; அதாவது சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சற்றுத் தேய்த்து, பெட்ரோல் எரியும் இடத்தை (சேம்பர்) சுருக்குவது. போர் (சிலிண்டர் விட்டம்) 68, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 75 மி.மீ.; சிலிண்டருக்கு 272 சிசி. கம்ப்ரெஷன் விகிதம் (பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள மொத்த இடம், அது மேலே வந்தபின் மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 8.3 வர, கேஸ்கெட் இடத்தையும் சேர்த்து பிஸ்டனுக்கு மேலே 37 சிசிதான் இருக்கலாம். ஆகவே எத்தனை மி.மீ. என்று கண்ணால் சொல்லாமல், சிரிஞ்சில் மண்ணெண்ணெய் ஊற்றி நாலு சேம்பரையும் அளந்து சீவும் ஆள் வேண்டும். அதிகம் சீவினால் சாதா பெட்ரோலில் ஏற்றத்தில் நாக்கிங் (பெட்ரோல் தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வரும், பிஸ்டன் போய்விடும்.

சர்ஃபேஸ் கிரைண்டிங் மெஷின் உள்ள பட்டறை ஓசூரில் என்றாலும் சரி. சீவியபின் சோலெக்ஸ் கார்புரேட்டருக்கு மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) ஒரு சைஸ் ஏற்றியவர்கள் இருந்தால், எந்த எண் போட்டீர்கள், பிளக் என்ன நிறத்தில் வந்தது என்று சொல்லுங்கள்.