6.4 கிலோ வீட்டுப் பூனை: பட்டினி போடாமல் எடையைக் குறைப்பது எப்படி?

வேளச்சேரி மாடிவீடு:

எங்கள் பட்டு 5 வயது நாட்டுப் பூனை, பெண், கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது. மூன்றாவது மாடி ஃப்ளாட், பால்கனிக்கு வலை அடித்திருக்கிறோம், வெளியே விடுவதே இல்லை. தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் தராசில் வைத்துப் பார்த்து 6.4 கிலோ என்றார். இந்த உடல்வாகுக்கு நாலரை கிலோ போதும், குறைத்தே ஆகவேண்டும் என்றும் சொன்னார். கூட்டம் இருந்ததால் எப்படிக் குறைப்பது என்று விரிவாகப் பேச முடியவில்லை.

இப்போது அவள் சாப்பிடுவது இதுதான். கிண்ணத்தில் டிரை ஃபுட் நாள் முழுக்க இருக்கும், தீர்ந்தால் நிரப்புவோம். மதியம் அத்தை (என் மாமியார்) பால்சாதத்தில் மீன் பிசைந்து வைப்பார். ராத்திரி வீட்டுக்காரர் ஆம்லெட்டில் ஒரு துண்டு கொடுப்பார். முன்பு ஜன்னல் திட்டுக்கு ஒரே தாவலில் ஏறுவாள், இப்போது கட்டிலில் ஏறவே யோசிக்கிறாள். இடுப்புக்குப் பின்னால் நக்கிச் சுத்தம் செய்ய எட்டவில்லை போல, அங்கே முடி சிக்குப் பிடித்துப் பொடுகாக இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கிண்ணத்தை எடுத்து வைத்தால் விடிகாலை 4 மணிக்கே கத்தி எழுப்புகிறாள். "ரெண்டு நாள் ஒன்றும் போடாதே, தானாக இளைக்கும்" என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். அது சரியா? ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? அத்தை மனம் நோகாமல் பால்சாதத்தை நிறுத்த வழி இருக்கிறதா?

மத்திமீன்:

முதலில் அந்த ரெண்டு நாள் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள் அக்கா. குண்டான பூனை சாப்பிடாமல் இருந்தால் உடம்பில் உள்ள கொழுப்பு மொத்தமாகக் கரைந்து கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அதைக் கையாள பூனையின் கல்லீரலால் முடியாது. ஹெபாட்டிக் லிப்பிடோசிஸ் என்பார்கள். காது உள்பக்கமும் ஈறும் மஞ்சளாகும், வாந்தி எடுக்கும், சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பும், அப்புறம் குழாய் வைத்து ஊட்டித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும். ஒல்லிப் பூனையைவிடக் குண்டுப் பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அதனால் எடை குறைக்கும் காலம் முழுக்க அவள் தினமும் சாப்பிட்டே ஆகவேண்டும், அளவுதான் மாறவேண்டும்.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இருக்கவேண்டிய எடையைக் கிலோவில் எடுத்து, அதன் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்கும் பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி வரும். நாலரை கிலோவுக்கு அது சுமார் 216. எடை குறைக்க அதில் 80 சதவீதம், அதாவது 170-லிருந்து 175 கலோரி என்று பெரும்பாலான டாக்டர்கள் ஆரம்பிப்பார்கள். பட்டு இப்போது சாப்பிடுவதை வைத்துப் பார்த்தால் தாராளமாக 300-ஐத் தாண்டும் என்றுதான் தோன்றுகிறது. அதனால் ஒரே நாளில் பாதியாக வெட்டாமல் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துப் படிப்படியாக இறக்குங்கள்.

அடுத்து டிரை ஃபுட் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் கலோரி அச்சிட்டிருக்கும், பலவற்றில் இருக்காது. இல்லாவிட்டால் புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரப்பதம் என்று சதவீதம் போட்டிருப்பார்களே, அந்த ஐந்தையும் கூட்டி 100-லிருந்து கழித்தால் மிச்சம் மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள், 100 கிராமுக்கு எவ்வளவு என்று வந்துவிடும். உதாரணமாக புரதம் 32, கொழுப்பு 10, நார் 5, சாம்பல் 8, ஈரம் 10 என்றால் மாவுச்சத்து 35, மொத்தம் சுமார் 320 கலோரி. கொழுப்பு கூடின ரகம் 400 வரைகூடப் போகும். ஒன்றில் 54 கிராம் கொடுக்கலாம், இன்னொன்றில் 43 கிராம்தான். கண்ணால் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் கப், கைப்பிடி எல்லாம் வேண்டாம், கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள்.

முடிந்தால் பாதிக்கு மேல் வெட் ஃபுட்டுக்கு மாற்றுங்கள். 85 கிராம் பாக்கெட் ஒன்று பெரும்பாலும் 60-லிருந்து 80 கலோரிக்குள் இருக்கும், ஏனென்றால் அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வயிறு நிறைந்த உணர்வும் வரும், சென்னை வெயிலில் தண்ணீரும் உள்ளே போகும், சிறுநீர்ப் பிரச்சினைக்கும் நல்லது. ரெண்டு பாக்கெட்டும் பத்து கிராம் டிரை ஃபுட்டும் என்றால் கிட்டத்தட்ட கணக்கு சரியாகிவிடும். பாக்கெட்டில் முழுமையான உணவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள், சிலது கொறிக்க மட்டும்தான்.

எங்கள் கருப்பன் 7 கிலோவிலிருந்து 5-க்கு இறங்க ஒரு வருடத்துக்குக் கிட்ட ஆனது. அவசரப்படாதீர்கள்.

கானாங்கெளுத்தி:

அத்தை விஷயத்துக்கு நான் வருகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் பூனை குண்டாவதற்கு ஆளாளுக்குத் தனித்தனியாக ஊட்டுவதுதான் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது.

காலையில் அன்றைய முழு அளவையும் நிறுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு சமையலறை மேடையில் வைத்துவிடுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான், டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். அதில் ஒரு வேளையை அத்தை கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்குப் பட்டு தன் காலைச் சுற்றிவரவேண்டும், அது நிற்கக்கூடாது. என் அம்மாவுக்கு நான் மதியப் பங்கை அப்படியே ஒப்படைத்தேன், பால்சாதம் பற்றிய பேச்சு அதோடு போய்விட்டது.

பாலும் சாதமும் எதற்கு வேண்டாம் என்பதையும் அவருக்குச் சொல்லலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். சாதத்தில் அதற்கு வேண்டியது எதுவும் இல்லை, பூனை முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவுக்கு அதன் உடம்பே தயாரித்துக்கொள்ளாது, இறைச்சியிலிருந்து வந்தே ஆகவேண்டும். அது குறைந்தால் இதயம் வீங்கிப் பலவீனமாகிறது என்று 1987-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள், அதற்குப் பிறகு கேட் ஃபுட் கம்பெனிகள் டாரின் அளவை ஏற்றின. வெறும் வேகவைத்த சிக்கன் மட்டும் போட்டு எடை குறைக்கலாம் என்று சிலர் இறங்குகிறார்கள், அதிலும் கால்சியம் போதாது, தயவுசெய்து அது வேண்டாம்.

மீன் கொடுக்காமல் இருக்கவே முடியாது என்றால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து முள் எடுத்த துண்டு, கட்டைவிரல் அளவு, அதையும் கணக்கில் கழித்துக்கொண்டு. இப்படித் தனியாகக் கொடுப்பது எல்லாம் சேர்த்து நாளின் மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது பட்டுவுக்கு 17 கலோரி. குழம்பு மீனைக் கழுவிக் கொடுப்பது கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், கழுவினாலும் சாறு உள்ளே ஊறியிருக்கும். கருவாட்டில் உப்பு ரொம்ப அதிகம். ஆம்லெட்டிலும் வெங்காயம் போடுவீர்கள்தானே? அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

மூன்றாம் ஜாமம்:

4 மணிக் கத்தலுக்கு என் பதில். அவள் கத்தும்போது எழுந்து உணவு போட்டால், கத்தினால் கிடைக்கும் என்று பழகிவிடுவாள், நாளைக்கு மூன்றரைக்கு ஆரம்பிப்பாள். அந்த நேரத்துக்கு எழுந்திருக்கவே கூடாது, திட்டவும் கூடாது, திட்டுவதும் அவளுக்குக் கவனிப்புதான். பூனை ஒரே மூச்சில் நிறைய சாப்பிடும் பிராணி இல்லை, எலி எலியாகப் பிடித்துத் தின்றுகொண்டிருந்த வயிறு அது. அதே 170 கலோரியை நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், கடைசிப் பங்கை நீங்கள் படுக்கப்போகும் முன் கொடுங்கள், அதற்கு முன்னால் நன்றாக விளையாட விடுங்கள். ஓடிப் பிடித்துச் சாப்பிட்டுத் தூங்குவதுதான் அதன் இயல்பான வரிசை. டைமர் வைத்த தானியங்கி ஃபீடரும் கிடைக்கிறது, விடிகாலைப் பங்கை அதில் போட்டுவிட்டால் உங்களைப் பார்த்துக் கத்துவதை நிறுத்தி அந்த இயந்திரத்தின் முன் போய் உட்கார்ந்துகொள்ளும்.

விளையாட்டுக்குக் கடைச் சாமான் வேண்டியதில்லை. விளக்குமாற்று ஈர்க்குக் கட்டில் ஒரு நூலைக் கட்டி நுனியில் துணித்துண்டு. தரையோடு இழுங்கள், சோபாவுக்குப் பின்னால் மறையுங்கள், கடைசியில் பிடிக்க விடுங்கள். ஆரம்பத்தில் ரெண்டு நிமிஷத்திலேயே படுத்துக்கொள்வாள், பரவாயில்லை, 6.4 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவளுக்குச் சுலபம் கிடையாது, நாளுக்கு மூன்று நான்கு தடவை அந்த ரெண்டு நிமிஷம் கிடைத்தால் போதும். மதிய வெயிலில் வேண்டாம், காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். விளையாடி முடித்ததும் நூலைப் பூட்டி வையுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும்.

டிரை ஃபுட் பங்கைக் கிண்ணத்தில் போடாமல், காலியான தண்ணீர் பாட்டிலில் ரெண்டு மூன்று ஓட்டை போட்டு உள்ளே போடுங்கள். உருட்டினால் ஒவ்வொன்றாக விழும். முட்டை அட்டையின் குழிகளிலும் போடலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு ஏறுவதைச் சுலபமாக்குங்கள், அந்தத் தயக்கம் மூட்டு வலியாகவும் இருக்கலாம்.

வேப்பேரி பழைய மாணவி:

கால்நடை மருத்துவராக வேலை செய்கிறேன். மேலே சொன்ன கணக்கும் எச்சரிக்கையும் சரி. சில விஷயங்கள் மட்டும் சேர்க்கிறேன்.

உணவைக் குறைக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள், முக்கியமாகச் சர்க்கரை. குண்டான பூனைகளுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். தண்ணீர் அதிகம் குடிப்பது, லிட்டர் பாக்ஸில் (பூனை மலஜலம் கழிக்கும் மணல் தட்டு) சிறுநீரில் நனைந்து உருளும் மணல் கட்டி பெரிதாக ஆவது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, இவை இருந்தால் உணவு மாற்றுவதற்கு முன் டாக்டர்தான். தைராய்டா என்று பலர் கேட்பார்கள். பூனைகளுக்குப் பெரும்பாலும் தைராய்டு கூடித்தான் போகும், அதில் இளைக்கும், குண்டாகாது. தோல் அரிப்புக்கு ஸ்டெராய்டு ஊசி போட்டிருந்தால் அதுவும் பசியைக் கூட்டும், அதை டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். கருத்தடைக்குப் பிறகு உடம்புக்கு வேண்டிய சக்தி குறைகிறது, பசி கூடுகிறது, அதனால் ஆபரேஷன் முடிந்த உடனேயே அளவைக் குறைக்கச் சொல்கிறோம். அதற்காகக் கருத்தடையே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யக்கூடாது.

வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதத்திலிருந்து 2 சதவீதம் வரை குறையலாம். பட்டுவுக்கு ஒரு சதவீதம் என்றால் வாரம் 60 கிராம் சுமார், அந்த வேகத்தில் நாலரை கிலோவுக்கு வர ஏழெட்டு மாதம். நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறி நிற்கும் சாதாரண எடை மெஷினில் 60 கிராம் தெரியாது. குழந்தைகளை எடைபோடும் தராசு வாங்கலாம், அல்லது ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை க்ளினிக்கில் அதே தராசில் பாருங்கள். ஒரு மாதம் ஆகியும் அசையவில்லை என்றால் இன்னும் பத்து சதவீதம் குறைக்கலாம், அதற்கு மேலும் வேண்டியிருந்தால் சாதாரண கேட் ஃபுட்டை வெட்டிக்கொண்டே போகாதீர்கள், கலோரியோடு புரதமும் வைட்டமினும் சேர்ந்து குறைந்துவிடும். எடை குறைப்புக்கென்றே உள்ள மருத்துவ உணவில் குறைந்த கலோரிக்குள் சத்தை அடக்கியிருப்பார்கள், டாக்டர் எழுதிக் கொடுத்தால் அதற்கு மாறுங்கள். "லைட்" என்று போட்டதெல்லாம் அது ஆகாது.

புது உணவுக்கு ஏழு முதல் பத்து நாளில் கலந்து கலந்து மாற்றுங்கள். பசித்தால் தின்னும் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் பழைய உணவையே திருப்பிக் கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், அதற்குமேல் காத்திருக்க வேண்டாம்.

சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், பூனைத் தோல் மெல்லியது, முடியோடு சேர்ந்து வந்துவிடும். தினமும் சீப்பால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், கெட்டியாகிவிட்டால் க்ளினிக்கில் மெஷினால் எடுக்கட்டும்.

வேளச்சேரி மாடிவீடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பொட்டலத்தைப் பார்த்துக் கணக்கு போட்டேன், 100 கிராமுக்கு 365 வருகிறது. டப்பா யோசனை அத்தைக்குப் பிடித்துவிட்டது, மதியப் பங்கு அவருடையது. ரத்தப் பரிசோதனைக்கும் நேரம் வாங்கியாயிற்று. ரெண்டு சந்தேகம் மட்டும். நடக்கும்போது அடிவயிற்றில் ஒரு மடிப்பு ஆடுகிறது, அதுவும் போய்விடுமா? அப்புறம், வீட்டில் 8 மாதக் குட்டி ஒன்றும் இருக்கிறது, அதன் கிண்ணத்தில் இவள் போய்த் தின்றுவிடுகிறாள்.

மத்திமீன்:

அந்த மடிப்பு ஒல்லிப் பூனைக்கும் இருக்கும், பின்னங்கால்களுக்கு முன்னால் தோல் அப்படித் தொங்குவது இயல்பு. அதைப் பார்க்காதீர்கள், விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். லேசாகத் தடவியதும் எலும்பு தட்டுப்பட்டால், மேலிருந்து பார்க்கும்போது இடுப்பு உள்வாங்கித் தெரிந்தால் சரியான நிலைக்கு வந்துவிட்டாள்.

குட்டிக்கு ஒரு வயதுவரை கிட்டன் ஃபுட் வேண்டும், அதில் கலோரி அதிகம், பட்டு அதைத் தொடவே கூடாது. ரெண்டுக்கும் வேறு வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள், இருபது நிமிஷத்தில் மிச்சம் இருப்பதை எடுத்துவிடுங்கள். குட்டிக்கு அடிக்கடி வேண்டியிருந்தால் ஒரு அட்டைப் பெட்டியில் அது மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி உள்ளே கிண்ணத்தை வையுங்கள். பட்டு இளைத்து அந்த ஓட்டையில் நுழைய ஆரம்பித்ததும் பெட்டியை எடுத்துவிட்டுக் கதவுக்கே திரும்பிவிடுங்கள்.