சூடேறிய பின் மூன்றாம் கியரில் கிளம்பும் ஓட்டோ கொரோலா: கியர்பொக்ஸைத் திறக்குமுன் வீட்டில் எதைப் பார்க்கலாம்?

நெல்லியடியான்:

அனைவருக்கும் வணக்கம். 1998இல் தயாரிக்கப்பட்ட கொரோலா 110, நான்கு கியர் ஓட்டோமற்றிக், என்னிடம் பன்னிரண்டு வருடங்களாக இருக்கிறது. இதுவரை 2,14,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. இத்தனை காலமும் பெரிய செலவு எதையும் வைக்காத வண்டி.

கடந்த மாதம் ஏ9 வீதியால் கிளிநொச்சிக்குப் போய்த் திரும்பும்போதுதான் கோளாறு முதலில் தெரிந்தது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒரு குறையும் இல்லை. அரை மணி நேரம் ஓடிய பிறகு ஏதாவது ஒரு சந்தியில் நிறுத்திவிட்டு மீண்டும் எடுத்தால், பாரம் ஏற்றிய மாட்டு வண்டியைப் போல முனகிக்கொண்டு மெதுவாக நகர்கிறது. 40ஐத் தாண்டிவிட்டால் சாதாரணமாக ஓடுகிறது. கியர் நெம்பை எல்லில் (மிகக் கீழ்க் கியருக்கான நிலையில்) போட்டால் ஓரளவு நன்றாகவே கிளம்புகிறது. பின்னோக்கி எடுப்பதில் சிக்கல் இல்லை. கோளாறு வரும் நேரங்களில் ஓ/டி ஓஃப் விளக்கு (ஓவர்ட்ரைவ் எனப்படும் நான்காம் கியரை நிறுத்தியிருப்பதைக் காட்டுவது) விட்டு விட்டு எரிகிறது.

ஒரு கராஜில் காட்டினேன். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கிளச் தட்டுகள் எரிந்துவிட்டன, பாவித்த கியர்பொக்ஸ் ஒன்றை வாங்கி மாற்றுவதுதான் வழி, கூலியோடு ஒன்றரை இலட்சம் ஆகும் என்றார்கள். டிப்ஸ்ரிக்கை (ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை) இழுத்துக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் என் மனதை உறுத்துகிறது. என்னிடம் ஒரு மல்ரிமீற்றரும், இரண்டு ஜக் ஸ்ராண்டும், சாதாரண ஸ்பானர் தொகுதியும் உள்ளன. பணத்தைக் கொடுப்பதற்கு முன் நானே சோதிக்கக்கூடியவை எவை?

கம்பளை வாசி:

கடுகண்ணாவை ஏற்றத்தில் எனது வண்டியும் இதே போல ஒரு முறை இழுக்காமல் போனது. ஓட்டோ ஒயில் முழுவதையும் இயந்திரம் வைத்துக் கழுவி மாற்றி, கூடவே கடையில் விற்கும் மருந்துப் போத்தல் ஒன்றையும் ஊற்றினேன். இன்றுவரை பிரச்சினை இல்லை. முதலில் ஒயிலை மாற்றிவிட்டுப் பிறகு மற்றவற்றை யோசியுங்கள் என்பதே என் கருத்து.

பழைய திருகாணி:

தம்பி நெல்லியடியான், ஒயிலை மாற்றுவது பிறகு இருக்கட்டும். பழுது இன்னதென்று தெரியாமல் ஒயிலை மாற்றினால், அந்தப் பழுது காட்டும் தடயத்தையும் சேர்த்து வடித்துவிடுவோம். நான் நாற்பது வருடம் இந்த வேலை செய்தவன். ஓட்டோ கியரென்றால் திறந்து பார்க்கவே முடியாத மந்திரப் பெட்டி என்று எண்ணிக்கொண்டு, பழுதென்றதும் பெட்டியையே மாற்றும் பழக்கம் நம் நாட்டில் ஊறிவிட்டது. பாதி வேளைகளில் பழுது பெட்டிக்குள் இருப்பதேயில்லை. உள்ளே இருந்தாலும் பெட்டியின் அடியில் இருக்கும் ஒயில் பான் என்ற தட்டைக் கழற்றினால் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும்.

முதலில் ஒயில். இருபது கிலோமீற்றர் ஓடி வந்து, ஒயில் ஏறத்தாழ 70 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்கும்போது, சமதரையில் கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்தாமல், கால்பிரேக்கை மிதித்தபடி பி முதல் எல் வரை ஒவ்வொரு நிலையிலும் ஓரிரு செக்கன் நிறுத்தித் திரும்பவும் பிக்கு வாருங்கள். அதன் பிறகே டிப்ஸ்ரிக்கைத் துடைத்துச் செருகிப் பார்க்க வேண்டும். சூட்டுக்கான இரண்டு கோடுகளுக்கு இடையில் மட்டம் நிற்க வேண்டும். (சில நிறுவனங்களின் வண்டிகளில் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பது முறை; அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.) ஒரு துளியை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். சிவப்போ இளம் பழுப்போ என்றால் பயமில்லை. கருத்துப்போய், அடிப்பிடித்த சட்டியைப் போல மணத்தால் கிளச் தட்டு எரிந்திருக்கக்கூடும். பால் கலந்தது போல இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேற்றருக்குள் இருக்கும் குளிர்விப்பான் வழியாகத் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அப்போது வண்டியை ஓட்டவே கூடாது.

இரண்டாவது, அந்த விளக்கு. அது சும்மா எரியவில்லை, பேசுகிறது. பொனற்றுக்குக் கீழே உள்ள சோதனைப் பெட்டியின் மூடியைத் திறந்தால் ஒவ்வொரு துளைக்கும் பெயர் எழுதியிருக்கும். எஞ்சினைத் தொடக்காமல் சாவியை ஓனில் வைத்து, ஓ/டி பொத்தானை ஓனில் விட்டு, ரீஈ1 (TE1) என்ற துளையையும் ஈ1 (E1) என்ற துளையையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். செக்கனுக்கு இரண்டு முறை ஒரே சீராக மினுங்கினால் பழுதேதும் பதிவாகவில்லை. ஆறு மினுங்கல், ஓர் இடைவெளி, பிறகு இரண்டு மினுங்கல் என்றால் அது 62: முதலாவது சொலனொயிட் (கியர்பொக்ஸுக்குள் ஒயில் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு). 63 இரண்டாவது சொலனொயிட், 64 லொக்கப் சொலனொயிட் (ரோர்க் கொன்வேற்றரைப் பூட்டுவது), 42உம் 61உம் வேக உணரிகள். துளை மாறிச் செருகிவிடாதீர்கள். அந்தப் பெட்டியில் பற்றரி மின்சாரம் வரும் துளையும் இருக்கிறது.

மூன்றாவது சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை, ஆனால் நம் கராஜ்களில் இதைச் செய்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கியர்பொக்ஸுக்குப் போகும் சொலனொயிட் வயர் இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மின்சாரம் இல்லாதபோது இந்தப் பெட்டி முழுக்க முழுக்க ஒயில் அழுத்தத்தாலும் உங்கள் கையாலும் மட்டுமே இயங்கும்: எல்லில் முதலாம் கியர், 2இல் மூன்றாம் கியர், டியில் நான்காம் கியர், ஆரில் பின்னோக்கு. இந்த வரிசைப்படி வழுக்காமல் பிடித்தால் பம்பு, அழுத்தம், அந்தக் கியர்களுக்கான கிளச்சுகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன, பழுது மின்பக்கத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். வழுக்கினால் கராஜ்காரர் சொன்னதே சரியாக இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: இணைப்பைக் கழற்றி ஓட்டினால் மூன்று சொலனொயிட்டுகளின் எண்களும் பதிவாகிவிடும், ஆகவே எண்களை முதலில் படித்துக் குறித்துக்கொண்ட பிறகே கழற்றுங்கள்.

அதோடு, கால்பிரேக்கை மிதித்தபடி நியூற்றலிலிருந்து டிக்கு மாற்றி, வண்டி அதிர்ந்து பிடிக்கும் வரை எத்தனை செக்கன் என்று பாருங்கள். டிக்கு 1.2 செக்கனுக்குள்ளும் ஆருக்கு 1.5 செக்கனுக்குள்ளும் பிடிக்க வேண்டும். மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிடம் விட்டுச் செய்து சராசரி எடுங்கள். பிரேக்கை மிதித்து அக்சிலறேற்றரை முழுக்க அழுத்தும் ஸ்ரோல் சோதனையை மட்டும் வீட்டு முற்றத்தில் செய்ய வேண்டாம். ஐந்து செக்கனுக்கு மேல் பிடித்தால் ஒயில் கொதிக்கும். பிரேக் விட்டுக்கொடுத்தால் எதிரே நிற்கும் மதில் போய்விடும்.

நெல்லியடியான்:

மிக்க நன்றி ஐயா. நேற்றும் இன்றும் சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

ஒயில் மட்டம் சரியாக இருக்கிறது. நிறம் தேநீருக்கும் சிவப்புக்கும் இடையில், கருகிய மணம் இல்லை. விளக்கை மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் 62தான் வந்தது. டிக்கு ஏறத்தாழ ஒரு செக்கன், ஆருக்கு அதைவிடச் சற்றுக் கூட.

இணைப்பைக் கழற்றி எங்கள் ஒழுங்கையிலும் பின்னர் வெறிச்சோடிய வீதியிலும் ஓட்டினேன். நீங்கள் சொன்னபடியே கியர்கள் விழுந்தன. ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. இணைப்பு மாட்டியிருந்து கோளாறு காட்டும்போது எல்லில் ஓரளவுதான் நன்றாகக் கிளம்பியது. இணைப்பைக் கழற்றிய பிறகு அதே எல்லில், அதே சூட்டில், முன்பைவிடப் பலமாகப் பாய்ந்தது. ஒரு பாகத்தைத் துண்டித்ததால் வண்டி மேலும் நன்றாக ஓடுவது எப்படி?

பழைய திருகாணி:

நல்ல கேள்வி தம்பி. அதைக் கவனித்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

இந்தப் பெட்டியில் கியரைத் தீர்மானிப்பவை இரண்டு சொலனொயிட்டுகள். முதலாவது மட்டும் வேலை செய்தால் முதலாம் கியர், இரண்டும் சேர்ந்தால் இரண்டாம் கியர், இரண்டாவது மட்டும் என்றால் மூன்றாம் கியர், இரண்டும் ஓய்ந்தால் நான்காம் கியர். உங்கள் வண்டியில் சூடானதும் முதலாவது செத்துவிடுகிறது. அதை அறிந்த வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி, வண்டி நான்காம் கியரில் திணறக்கூடாது என்பதற்காக இரண்டாவதை மட்டும் இயக்குகிறது. ஆகவே டியில் மூன்றாம் கியரில் கிளம்புகிறீர்கள். அதே நிலையில் எல்லில் போட்டால் இரண்டாம் கியர்தான் கிடைக்கும். இணைப்பைக் கழற்றியதும் இரண்டாவது சொலனொயிட்டும் ஓய்ந்துவிட, எல்லில் உண்மையான முதலாம் கியர் விழுந்தது. கிளச் எரிந்த பெட்டி இப்படிப் பாயாது.

இனி மீற்றரை ஓம் நிலையில் வையுங்கள். கியர்பொக்ஸ் பக்க இணைப்பில் முதலாவது சொலனொயிட்டின் முனைக்கும் பெட்டியின் வெற்று உலோகத்துக்கும் இடையில் அளந்தால் குளிரில் 11 முதல் 15 ஓம் வரை காட்ட வேண்டும். பிறகு கோளாறு வரும் வரை ஓடி வந்து, சூடு தணியுமுன் அதே இடத்தில் மீண்டும் அளக்கவும். சூட்டிலும் அளவு ஒழுங்காக இருந்தால் இணைப்புக்கும் கணினிக்கும் இடையிலுள்ள வயரைத் தேடுங்கள். அளவே காட்டாமல் போனால் சுருளோ, உள்ளே இருக்கும் அதன் வயரோ அறுந்திருக்கிறது.

உள்ளே என்றாலும் அஞ்ச வேண்டாம். ஒயிலை வடித்து, பானைக் கழற்றி, வடிகட்டியை இறக்கினால் சொலனொயிட் கண்ணுக்குத் தெரியும். அதைப் பிடித்திருப்பது ஒரேயொரு ஆணி. வால்வுத் தொகுதியின் மற்ற ஆணிகளைத் தொட வேண்டாம்: அதற்குள் சிறு குண்டுகளும் சுருள்வில்களும் இருக்கின்றன, ஒன்று உருண்டு தொலைந்தால் வீட்டில் செய்யும் வேலை அத்தோடு முடிந்தது. பானின் ஆணிகளுக்கு 5 நியூட்டன் மீற்றர் இறுக்கமே போதும், அதாவது விரல் பலத்துக்குச் சற்று மேல். ஒழுகுமோ என்று பயந்து இறுக்குபவர்கள்தான் பானை வளைத்து ஒழுக விடுகிறார்கள். பானின் காந்தங்களில் மையைப் போல் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. ஊசி போன்ற இரும்புச் சிலாம்புகளோ காந்தத்தில் ஒட்டாத பித்தளைத் துகள்களோ கிடந்தால் வேலையை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். வண்டிக்குக் கீழே போகும்போது ஜக்கை நம்பாமல் ஸ்ராண்டில் நிறுத்துங்கள்.

கம்பளை வாசி:

அப்படியானால் நான் கழுவி மாற்றியது தவறா? என்ன ஒயில் ஊற்ற வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள், எனக்கும் உதவும்.

பழைய திருகாணி:

உங்களுக்குப் பலித்தது, அதை மறுக்கவில்லை. மட்டம் குறைந்திருந்த வண்டிக்கு ஒயில்தான் மருந்து. ஆனால் நீண்ட காலம் ஒயில் மாற்றாத பெட்டியை இயந்திரம் வைத்துக் கழுவ நான் விடமாட்டேன். பான் வழியாக வடிப்பது சுமார் மூன்று லீற்றர். மிச்சம் ரோர்க் கொன்வேற்றருக்குள்ளும் (எஞ்சினின் விசையை ஒயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் பாகம்) குழாய்களிலும் நின்றுவிடும். ஆகையால் ஐந்நூறு கிலோமீற்றர் இடைவெளியில் மூன்று முறை வடித்து ஊற்றுவது என் வழக்கம். மருந்துப் போத்தல் வேண்டாம்.

டிப்ஸ்ரிக்கில் டெக்ஸ்ரன் 2 அல்லது 3 என்று, ஜெனரல் மோட்டோர்ஸ் வகுத்த ஓட்டோ ஒயில் தரத்தின் பெயர் பொறித்திருக்கும். டெக்ஸ்ரன் 3 உரிமத்தை அந்த நிறுவனம் 2006இன் முடிவோடு நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரோடு வரும் ஒயில் எல்லாம் அதைத் தயாரிப்பவர்களின் சொந்த வாக்குறுதியில்தான் வருகிறது. எனவே கலனின் பின்புறத்தில் ஜப்பானிய வண்டிகளுக்கும் ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று வாசித்து, பெயர் தெரிந்த நிறுவனத்தினுடையதை வாங்குங்கள்.

நெல்லியடியான்:

வேலை முடிந்தது. குளிரில் 12.9 ஓம் காட்டிய முனை, சூட்டில் ஒன்றுமே காட்டவில்லை. கொழும்பில் இருக்கும் மைத்துனர், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பாவித்த சொலனொயிட் இரண்டு வாங்கி அனுப்பினார். இரண்டையும் சூடாக்கி அளந்து, நல்லதைப் பொருத்தினேன். காந்தங்களில் பசை மட்டுமே இருந்தது. வடிகட்டியைத் துடைத்து, புதிய கேஸ்கற் வைத்து, மூன்று லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக ஒயில் சென்றது. பதிவாகியிருந்த பழுது எண்களை அழிப்பதற்கு ஈஎஃப்ஐ (EFI) என்று எழுதிய பியூஸை ஒரு நிமிடம் கழற்றி வைத்தேன். ஒரு கிழமையாகத் தினமும் பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்குமாக ஓடுகிறேன், விளக்கு எரியவில்லை.

கழற்றிய பழைய சொலனொயிட்டை மேசையில் வைத்து மீற்றரை மாட்டி, மகளின் முடி உலர்த்தியால் சூடாக்கினேன். 13 ஓமிலிருந்து மெல்ல ஏறி 16ஐத் தொட்டது. பிறகு எண்கள் ஒரு தரம் துடித்துவிட்டு மறைந்தன. ஆறவிட்டால் திரும்ப வந்தன. அதை எடுத்துக்கொண்டு அந்தக் கராஜுக்கு ஒரு முறை போய் வரலாமா என்று யோசிக்கிறேன்.

பழைய திருகாணி:

போங்கள், ஆனால் சண்டைக்கு வேண்டாம். மீற்றரையும் கையோடு கொண்டுபோய் அங்குள்ள பொடியன்களுக்குக் காட்டுங்கள். மைத்துனர் அனுப்பியதில் மிஞ்சிய சொலனொயிட்டை எறிந்துவிடாதீர்கள். வண்டியில் இருக்கும் இரண்டாவதுக்கும், செத்த முதலாவதின் வயதுதான்.