ஏற்றத்தில் இழுவை போகிறது, நின்று கிளம்பினால் சரியாகிறது: மோட்டார் ஹோம் அனுபவங்கள்

எங்கள் டீசல் மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) சமதளத்தில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். நீளமான ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்துப் போகும்போது மட்டும் திடீரென்று இழுவை போய்விடும். புகை இல்லை, சத்தம் இல்லை, வேகம் மட்டும் இறங்கிக்கொண்டே வரும். ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் விட்டுக் கிளம்பினால் பழையபடி ஓடும். ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் அங்கே ஒரு கோளாறும் தெரியாது. டீசல் ஃபில்டரை மாற்றியும் தீரவில்லை.

வந்து வந்து போகிற கோளாறை, அது வந்திருக்கும் நேரத்தில்தான் பிடிக்க முடியும். அதனால் எஞ்சின் கம்ப்யூட்டரின் எண்களைக் காட்டும் ஸ்கேனரைச் செருகிவிட்டு அதே மாதிரி ஏற்றத்தில் வண்டியை ஏற்றினோம். நான் ஓட்ட, மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் பார்த்தார். ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தோடு கொடுக்கும் குழாயில், எஞ்சின் கேட்கிற அழுத்தம் ஒன்று, கிடைக்கிற அழுத்தம் ஒன்று என இரண்டும் திரையில் ஓடும். இழுவை போன அதே நொடியில் கிடைக்கிற அழுத்தம் தனியாகக் கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பி0087 (P0087) என்ற கோளாறுக் குறியீடும் (கோடு) விழுந்தது. ரெயிலில் எரிபொருள் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். டர்போ, சென்சார் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்ததெல்லாம் அதோடு நின்றது.

ஹை பிரஷர் பம்ப் போய்விட்டதோ என்று பயந்தேன். அது பெரிய செலவு. மெக்கானிக் அவசரப்படாமல் ஃபில்டருக்கு முன்னால் உறிஞ்சுவதை அளக்கும் வேக்வம் கேஜ் மாட்டிப் பார்த்தார். உறிஞ்சும் பக்கத்திலேயே இழுக்க முடியாமல் திணறல். அப்புறம் டேங்கை இறக்கினோம். உள்ளே டீசல் எடுக்கும் குழாயின் நுனியில் ஒரு வலை இருக்கிறது. அதன் மேல் கறுப்பாக, வழவழவென்று ஒரு படலம். விரலால் வழித்தால் ஜெல்லி போலத் திரண்டு வந்தது. டேங்கின் அடியில் தண்ணீரும் நின்றிருந்தது. டீசலும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்தால் இப்படித்தான் ஆகுமாம். மாதக்கணக்கில் நிற்கிற வண்டிகளில் இது அதிகம்.

நின்றால் சரியானதற்கும் காரணம் இதுதான். முழு வேகத்தில் உறிஞ்சும்போது அந்த அழுக்கு வலையில் போய் ஒட்டிக்கொள்ளும், எஞ்சினை அணைத்தால் உதிர்ந்துவிடும். டேங்கைச் சுத்தமாகக் கழுவி, டீசலை மாற்றி, தண்ணீர் தெரிகிற மாதிரி அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள ஃபில்டர் ஒன்றையும் கூடுதலாகப் போட்டோம். அதற்குப் பிறகு எந்த ஏற்றத்திலும் தொல்லை இல்லை.

* * *

எங்களுக்கும் இதே அறிகுறிதான், ஆனால் டேங்க் சுத்தமாக இருந்தது. டேங்குக்குள் காற்று போகிற வென்ட் குழாயில் மண் அடைத்திருந்தது. எரிபொருள் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியவில்லை. டேங்கை இறக்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்: இழுவை போனதும் ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று பலமாக உள்ளே இழுபட்டு, உடனே வண்டியும் சரியானால் வென்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். லேசான சீறல் பல வண்டிகளில் சாதாரணமாகவே வரும், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

* * *

அண்ணா, இதே தொல்லை உள்ளவர்களை, காத்திருந்து சரியாகிறதா, இல்லை சாவியை அணைத்துப் போட்ட உடனேயே சரியாகிறதா என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். எங்கள் வண்டி உடனே சரியாகிவிடும். அதாவது எரிபொருள் தட்டுப்பாடு இல்லை, கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்ற சக்தியைக் குறைத்து ஓட்டும் லிம்ப் மோடுக்குப் போகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கோடுகள் சேர்ந்து விழுந்ததால் எர்த்தைப் பார்த்தோம். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே போகும் பின்னல் பட்டை வெளியே நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் பட்டையின் நுனியில் உள்ள லக்குக்கு (உலோக வளையம்) அடியில் பச்சைப் பச்சையாகக் களிம்பு. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

கோடு பி0299 (டர்போ அழுத்தம் போதவில்லை) என்று வந்தால் மட்டும் டர்போ பக்கம் போங்கள். அங்கேயும் முதலில் டர்போவிலிருந்து காற்று போகும் ஹோஸையும் கிளாம்பையும் பாருங்கள். ஹோஸின் அடிப்பக்கத்தில் இருக்கும் வெடிப்பு, எஞ்சின் சும்மா ஓடும்போது மூடியே இருக்கும். அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் அந்த இடத்தைக் கையால் வளைத்துப் பாருங்கள்.