கழுத்துவலிக்கு வி.ஏ. க்ளெய்ம்: ஒரே ஒரு சிக் கால் சீட்டு போதுமா?

டிரக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ராணுவப் பணியில் வந்த கழுத்துவலிக்கு வி.ஏ.விடம், அதாவது அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையிடம், ஊன உதவித்தொகை கேட்டு க்ளெய்ம் போடப் போகிறேன். 2013ல் மாவ்னி திட்டத்தில், அதாவது தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்க்கும் திட்டத்தில், அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தேன். அவர்கள் கேட்ட மொழிகளில் தமிழும் இருந்ததால் கிடைத்த வாய்ப்பு. டிரக் ஓட்டும் வேலை. 2019ல் வெளியே வந்துவிட்டேன்.

ஹெல்மெட், அதன் நெற்றியில் நைட் விஷன் கருவி, இரண்டையும் சுமந்துகொண்டு இரவெல்லாம் ஓட்டியிருக்கிறேன். 2016ல் வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்த மறுநாள் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. சிக் கால், அதாவது உடம்பு சரியில்லாத வீரர்களை ராணுவ மருத்துவர்கள் பார்க்கும் இடத்துக்குப் போனேன், சீட்டு எழுதி 800 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் போகவே இல்லை. கூட இருப்பவர்கள் முன்னால் வலி என்று சொல்லக் கூச்சம். வெளியே வரும்போது நடந்த பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்றே எழுதிக் கொடுத்தேன்.

இப்போது காரைப் பின்னால் எடுக்க இடுப்போடு திரும்ப வேண்டியிருக்கிறது. காலையில் வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துக் கிடக்கின்றன. சட்டைப் பொத்தான் போட மனைவியைக் கூப்பிடுகிறேன். போன மாத எம்ஆர்ஐயில் சி5-சி6 டிஸ்க் தேய்ந்திருப்பதாக வந்தது.

அந்த ஒரு சீட்டு போதுமா? ஒரு ஏஜென்ட் எல்லாம் தயார் செய்து தருகிறேன், கிடைப்பதில் பங்கு கொடு என்கிறார். கொடுக்கலாமா?

பழையபட்டாளம்:
தம்பி, கொடுக்காதீர்கள். முதல் க்ளெய்ம் தயாரிக்கப் பணம் வாங்கவே சட்டத்தில் இடமில்லை. டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. என்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள் மூன்றிலும் அங்கீகாரம் பெற்ற அலுவலர்கள் இலவசமாகச் செய்து தருவார்கள்.

இன்றைக்கே 21-0966 படிவத்தில் 'இன்டென்ட் டு ஃபைல்', அதாவது க்ளெய்ம் போடப் போகிறேன் என்ற முன்னறிவிப்பு, போட்டுவிடுங்கள். முழு விண்ணப்பத்துக்கு ஒரு வருடம் கிடைக்கும், பணமும் பெரும்பாலும் இன்றைய தேதியிலிருந்து கணக்காகும்.

மூன்று விஷயம் வேண்டும்: இப்போது நோய் இருக்கிறது, பணியில் ஒன்று நடந்தது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு. முதலுக்கு எம்ஆர்ஐ, இரண்டாவதுக்கு உங்கள் சீட்டு. மூன்றாவதுதான் கஷ்டம், ஏனென்றால் நடுவில் இத்தனை வருடம் காகிதமே இல்லை. அந்த இடைவெளியை மனிதர்கள்தான் நிரப்ப வேண்டும். உங்களோடு ஓட்டியவர் ஒருவரும் உங்கள் மனைவியும் 21-10210 படிவத்தில் கண்ணால் கண்டதை எழுதட்டும். மருத்துவரிடம் நெக்ஸஸ் கடிதம், அதாவது நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் கடிதம், கேளுங்கள். பணியால் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று காரணத்தோடு எழுதினால் போதும், நிச்சயம் என்று எழுதத் தேவையில்லை.

மதுரைக்காரி:
சகோ, நான் பிசியோதெரபிஸ்ட். விரல் மரப்பை விட்டுவிடாதீர்கள். கழுத்திலிருந்து போகும் நரம்பு நசுங்குவதற்குத் தனி ஊன மதிப்பீடு உண்டு, லேசானதாக இருந்தாலே 20 சதவீதம்.

கழுத்துக்கு முக்கியமாகக் கோணத்தைப் பார்ப்பார்கள். தலையை முன்னால் குனிவது சாதாரணமாக 45 டிகிரி. 30க்கு மேல் 40 வரை என்றால் 10 சதவீதம், 15க்கு மேல் 30 வரை என்றால் 20, 15க்குள் நின்றுவிட்டால் 30. ஆனால் கழுத்துக்கு 30, கைக்கு 20 என்றால் மொத்தம் 50 ஆகாது. நூறில் 30 போக மீதி 70ல்தான் 20 சதவீதம் எடுப்பார்கள். அந்த 14ஐ 30உடன் கூட்டினால் 44 வரும், அதை அருகிலுள்ள பத்தாக மாற்றி 40 ஆக்குவார்கள்.

டிரக்காரன்:
அண்ணா, சகோதரி, இருவருக்கும் நன்றி. க்ளெய்முக்காக வி.ஏ. வைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கு வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா?

மதுரைக்காரி:
வழக்கமாகப் போடுவதைப் போடுங்கள், போட்டதைச் சொல்லிவிடுங்கள். குனியச் சொல்லும்போது எந்த இடத்தில் வலி தொடங்குகிறதோ அங்கேயே "இங்கே வலிக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு 45 டிகிரி குனிந்தால் அதுதான் பதிவாகும். வலி அதிகமாகும் நாட்களில் எவ்வளவு குனிய முடிகிறது, மாதத்தில் எத்தனை நாள் அப்படி, அதையும் சொல்ல வேண்டும். கூட்டிச் சொல்ல வேண்டாம், உள்ளதை மறைக்கவும் வேண்டாம்.

பழையபட்டாளம்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். என் முதல் பரிசோதனையில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்றதும் பழக்கதோஷத்தில் "ஐயாம் ஃபைன்" என்றுவிட்டேன். அந்த வார்த்தை அறிக்கையில் அப்படியே ஏறிவிட்டது.

டிரக்காரன்:
இன்டென்ட் போட்டுவிட்டேன். பள்ளத்தில் விழுந்த அன்று பக்கத்து இருக்கையில் இருந்த நண்பனுக்கு இத்தனை வருடம் கழித்து மெசேஜ் அனுப்பினேன். "இரண்டு நாள் உன் டயரை நான்தானே பார்த்தேன், உன்னால் குனியவே முடியவில்லையே" என்றான். எனக்கு அது மறந்தே போயிருந்தது. இந்த வாரமே எழுதி அனுப்புகிறான்.