மறு: அமெரிக்கக் கால்பந்துச் சொற்கள் – ரிசீவரா, லைன்மேனா?

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கால்பந்துக்கான நம் தமிழ்ச்சொல் பட்டியலுக்குத் தோழர் ஒருவர் முன்வைத்த மூன்று சொற்கள் இவை:

> டிராஃப்ட் = வரைவு / ஏலம்; ரிசீவர் = பெறுநர்; லைன்மேன் = கோட்டுவீரர்

மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் குறை தெரியாது. ஒரே செய்தியில் வைத்து எழுதினால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். நான் எடுத்துக்கொண்டது, அணிகள் புது ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில் 2021இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி எடுத்த முடிவு. ஐந்தாவதாக அவர்கள் முறை வந்தபோது எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஜமார் சேஸ், எறிபவரைக் காக்கும் லைன்மேன் பெனே சூவல் இருவருமே இருந்தார்கள். முந்தைய நவம்பரில்தான் அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், ஜோ பரோ முழங்கால் ஜவ்வு கிழிந்து களத்திலிருந்து வெளியே கொண்டுபோகப்பட்டார். அவரைக் காக்க ஆள் எடுங்கள் என்று பலரும் சொன்னார்கள். அணி சேஸை எடுத்தது. ஏழாவது முறையில் சூவலை டெட்ராய்ட் அணி எடுத்துக்கொண்டது.

முதலில் டிராஃப்ட். வரைவு என்றால் சட்ட வரைவு, ஒப்பந்த வரைவு; அதை விட்டுவிடலாம். ஏலம் என்றால் ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்குச் சட்டென்று புரியும் என்கிறார் தோழர். புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ஏலத்தில் பல பேர் கேட்டால் விலை ஏறும். இங்கே விலை கேட்பதே கிடையாது. போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி முறை. 32 அணிகள், 7 சுற்றுகள். எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே சம்பளம். 2011 தொழில் ஒப்பந்தத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதை முறைப்பாசனம் என்கிறோம். அதே வாய்பாட்டில் 'முறைத்தெரிவு' என்று வைக்கலாம். 'தேர்வு' என்றால் பரீட்சை நினைவுக்கு வரும். 'தெரிவு' இலங்கைத் தமிழில் அன்றாடம் புழங்கும் சொல்.

சேஸை எடுத்தது சரி என்று நான் நினைப்பதற்கு முதல் காரணமும் இந்தச் சம்பள ஏற்பாடுதான். ஐந்தாவது ஆளாக வந்ததால் அவருடைய முதல் 4 ஆண்டு ஒப்பந்தம் 3 கோடி டாலரைச் சற்றே தாண்டியது. 2025இல் அவரைத் தக்கவைக்க அதே அணி மேலும் 4 ஆண்டுக்கு 16.1 கோடி டாலர் ஒத்துக்கொண்டது. சூவலுக்கு டெட்ராய்ட் 2024இல் 4 ஆண்டுக்கு ஒத்துக்கொண்டது 11.2 கோடி. சந்தையில் எதற்கு விலை அதிகமோ அதை முறைத்தெரிவில் எடுத்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். ஏலம் என்று எழுதிவிட்டால் இந்த வாதத்தைத் தமிழில் சொல்லவே வழியில்லை.

ரிசீவருக்கு 'பெறுநர்' வேண்டாம். அது கடிதத்தில் முகவரிக்கு மேல் எழுதுவது. 'ஏந்துநர்' என்று வைக்கலாமே என்றால், நல்ல சொல்தான். ஆனால் ஏந்துதல் என்றால் சுமந்து செல்வதும் ஆகும், பந்தைச் சுமந்து ஓடுகிறவர் வேறு ஒருவர். ஆகவே 'பற்றுநர்'.

லைன்மேன்தான் பெரிய சிக்கல். கோட்டுவீரர் என்றால் கொடி பிடிக்கும் கோட்டு நடுவரோடு குழம்பும். தாக்கும் வரிசை, தடுக்கும் வரிசை என்று நேராகப் பெயர்ப்பதும் உதவாது. பந்து யார் கையில் இருக்கிறதோ அது தாக்கும் அணி. அந்த அணியின் வரிசைக்கு முதல் வேலையோ காவல். எதிரே உள்ள 'தடுக்கும்' வரிசைதான் பாய்ந்து வந்து குவாட்டர்பேக்கைச் சாய்க்கிறது. வேலையை வைத்துப் பெயர் வைப்போம்: காப்பவர் 'அரணர்', பாய்பவர் 'தகர்ப்பர்'.

அரணர் ஐவர். ஐவருக்கும் ஒரே பெயர் போதாது. நடு அரணர் ஒருவர், அவருக்கு இருபுறமும் உள் அரணர் இருவர், விளிம்பில் ஓர அரணர் இருவர். இது ஏன் வேண்டும் என்பதற்கு 2022 பிப்ரவரியில் பெங்கால்ஸ் ஆடிய சூப்பர் பவுலை, அதாவது கோப்பைக்கான இறுதி ஆட்டத்தை, பாருங்கள். கடைசி நிமிடம், மூன்று புள்ளி பின்னே, நான்காவது, அதாவது கடைசி முயற்சி, ஒரு கெஜம் முன்னேறினால் போதும். சேஸை மறிக்க வந்த எதிரணியின் ஜேலன் ராம்சி தடுமாறி விழுந்துவிட்டார். சேஸ் ஆளில்லாத இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். பந்து அவரிடம் வரவே இல்லை. எதிரணித் தகர்ப்பர் ஏரன் டொனால்ட் உள்பக்கமாகப் புகுந்து பரோவைப் பிடித்துச் சுழற்றிவிட்டார். 23-20, தோல்வி. அந்த ஆட்டத்தில் பரோ 7 முறை சாய்க்கப்பட்டார். அதற்கு முன் டென்னசி அணியிடம் 9 முறை, அதிலும் 3 முறை சாய்த்த ஜெஃப்ரி சிம்மன்ஸ் உள்ளே நின்று ஆடுபவர்.

பார்த்தீர்களா, அரணரை எடுக்காததால்தான் தோற்றார்கள் என்பவர்கள் பலர். சூவலோ ஓர அரணர். டொனால்ட் வந்த வழியில் அவர் நின்றிருக்கவே மாட்டார். அடுத்த மாதமே பெங்கால்ஸ் ஒரு நடு அரணரையும் ஓர் உள் அரணரையும் ஓர் ஓர அரணரையும் வெளிச்சந்தையில் சம்பளம் பேசிக் கொண்டுவந்தது. அரணை அப்படிக் கட்டலாம். முதல் ஆண்டிலேயே 1,455 கெஜம் எடுத்த பற்றுநரை அப்படி வாங்க முடியாது. முதல் முறையில் பற்றுநர் என்பதே என் கட்சி, ஆனால் அரணை ஓராண்டு தள்ளிப்போட்டது பெரும் பிழை.

குவாட்டர்பேக்கை இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன்.

அன்புடன்

———

அன்புள்ள தம்பி,

முறைத்தெரிவு அருமை. ஆனால் லைன்மேனுக்கு நான் முன்பே தந்த 'தார்தாங்கி'யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. தார் என்றால் மோதி வரும் முன்னணிப் படை. 'தார்தாங்கிச் செல்வது தானை' என்கிறது குறள். இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் கிடைக்குமா? அரண் என்றால் அசையாத மதில். இவர்கள் அசைகிறார்களே.

———

ஐயா,

பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விளையாட்டுப் பக்கத்தில் தலைப்பாக வந்தால் தார்ச்சாலைதான் கண்முன் வரும், குறளை நினைக்க நேரம் இராது. ஆட்டக்காரரின் பெயராக அரணர் இருக்கட்டும். அவர் செய்யும் வேலைக்குத் 'தாங்கல்' என்ற வினையை உங்கள் சொல்லிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். "உள் அரணர் இரண்டு நொடிகூடத் தாங்கவில்லை" என்று எழுதிப் பார்த்தேன், அப்படியே பொருந்துகிறது. ஓடுகிறவருக்காக முன்னே தள்ளிக்கொண்டு போவது வேறு வேலை, அங்கேதான் நீங்கள் சொல்லும் அசைவு வருகிறது. அதற்கு 'வழிதிறப்பு' என்று குறித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக ஒன்று தோன்றினால், பட்டியலில் ஏற்றும் முன் எழுதுங்கள்.