சீகை மரம் சாய்க்கவும் கிளை கழிக்கவும் எந்தச் செயின்சா? என் அனுபவம்

கோத்தகிரிப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்து ஓரங்களில் நிற்கும் சீகை (வாட்டில் மரம்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சில்வர் ஓக் ஆகியவற்றை அனுமதி பெற்று வெட்டும் வேலையை (1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறையில் உள்ளது) பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். செயின்சா மெஷின் வாங்க வருபவர்கள் எடுத்த எடுப்பில் எத்தனை சிசி என்றுதான் கேட்கிறார்கள். மரம் எவ்வளவு பருமன், எப்படிப்பட்ட சரிவில் நிற்கிறது என்பவையே முதலில் கேட்கப்பட வேண்டியவை.

இங்கே வெட்டப்படும் சீகை பெரும்பாலும் ஓர் அடி விட்டத்துக்கு உள்ளேதான் இருக்கும். அதற்கு 35 முதல் 45 சிசி வரையிலான எஞ்சினும், 14 அல்லது 16 அங்குல பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு) தாராளமாகப் போதும். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் விலை மலிவாகக் கிடைத்ததென்று 58 சிசி எஞ்சினும் 22 அங்குல பாரும் கொண்ட மெஷின் ஒன்றை வாங்கினார். மரத்தைச் சாய்ப்பதில் அது குறை வைக்கவில்லை. ஆனால் சாய்ப்பது சில நிமிட வேலை. அதன் பிறகு கிளை கழிப்பதில்தான் பொழுது போகிறது. ஈரச் சரிவில் கால் ஊன்றி, எடை மிகுந்த மெஷினை இடுப்பு உயரத்தில் ஏந்திக்கொண்டு கிளை கிளையாக நகர்ந்த தொழிலாளி, மதியத்துக்குள் அதை இறக்கி வைத்து, "இதைத் தூக்கறதுக்கே தனியா ஒரு ஆள் வேணும்ங்கண்ணா" என்றார்.

நீண்ட பாரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நுனியின் மேல்பாதி மறைந்திருக்கும் ஒரு கிளையில் பட்டுவிட்டால், பார் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆளை நோக்கி மேலெழும்பித் துள்ளும். மிலாறு (சிறு கிளைகள்) அடர்ந்த சீகையில் நுனி எங்கே இருக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. ஆகவே துள்ளல் குறைந்த வகைச் சங்கிலியும், துள்ளிய கணத்தில் தானாகவே விழும் செயின் பிரேக்கும் இல்லாத மெஷினை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒற்றைக் கையால் பிடிக்கத் தோன்றும் மேல்கைப்பிடி வகை மரமேறிகளுக்காகச் செய்யப்பட்டது. தரையில் நின்று கிளை கழிக்க அது வேண்டவே வேண்டாம். சரிவில் எப்போதும் மரத்துக்கு மேற்புறமே நிற்க வேண்டும், ஏனெனில் தாங்கி நின்ற கிளை அறுபட்டதும் அடிமரம் உருளத் தொடங்கிவிடும்.

சமவெளிக் கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று உயரம் தொடர்பானது. ஊட்டி சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். கீழே சரிசெய்து கொண்டுவந்த மெஷின் இங்கே பெட்ரோல் மிகுந்து புகை கக்கும், பிளக் கரியேறும், இழுவை குறையும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் திருகை இங்கேயே சரிசெய்ய வேண்டும். அப்படிச் சரிசெய்த மெஷினை மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோய் அப்படியே ஓட்டினால், பெட்ரோல் போதாமல் சூடேறிப் பிஸ்டனில் கீறல் விழும். தானே கலவையைச் சரிசெய்துகொள்ளும் வகைக்கு விலை கூடுதல் என்றாலும், மலைக்கும் சமவெளிக்குமாக அலைபவர்களுக்கு அது தகும்.

சங்கிலி மழுங்கிவிட்டதா என்பதை அறுபடும் தூளைப் பார்த்தே சொல்லிவிடலாம். கூரான சங்கிலி செதில் செதிலாகத் தள்ளும். மழுங்கியது மாவாக உதிர்க்கும், பாரும் ஒரு பக்கமாக இழுக்கும். சிறிய மெஷின்களில் பரவலாக வரும் 3/8 அங்குலத் தாழ்வகை (லோ புரொஃபைல்) சங்கிலிக்கு 4 மி.மீ. உருண்டை அரமே ஏற்றது. அந்த அரத்தையும் உதிரிச் சங்கிலி ஒன்றையும் மெஷினோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

எரிபொருளில், தயாரிப்பாளர் 50-க்கு 1 என்று குறித்திருந்தால், லிட்டருக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால், எங்கள் பனிமூட்டத்தின் ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. கலவையை வாரக்கணக்கில் கேனில் வைத்திருக்கக் கூடாது. ஆனி, ஆடி மழைக்கு மெஷினை எடுத்து வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டால், கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கெடாமல் இருக்கும்.